சிம்தே மொழி: 2001 பட்டியலில் உண்டு, 2011 பட்டியலில் இல்லை. மொழி அழிந்துவிட்டதா?

#1 | ஏட்டுச்சுவடி

தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றுக்காகச் சிம்தே மொழி பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். மணிப்பூரில் பேசப்படும் மொழி. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியலில் 10,225 பேர் என்று இருக்கிறது. 2011 பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"சிம்தே மணிப்பூரின் சுராசாந்த்பூர் மாவட்டத்தில் பேசப்பட்ட, குக்கி மொழியின் ஒரு வட்டார வழக்கு. 2011க்குள் பேசுவோர் இல்லாமல் போனதால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது."

விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு சந்தேகம்: தமிழில் "சிம்டே" என்று எழுதுவதா, "சிம்தே" என்பதா?

#2 | கணக்கேடு

இரண்டு வாக்கியங்களில் மூன்று பிழைகள் இருக்கின்றன. கணக்கெடுப்புப் பிழையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மொழியியல் பக்கம் வேறு யாராவது வரட்டும்.

"பேசுவோர் இல்லாமல் போனதால்" என்பதை உடனே எடுத்துவிடுங்கள். இந்தியா முழுவதும் சேர்த்து 10,000 பேராவது தாய்மொழியாகச் சொன்ன மொழிகளைத்தான் பெயரோடு வெளியிடுகிறார்கள். 1971 முதல் இதுதான் நடைமுறை. அந்தக் கோட்டுக்குக் கீழே 9,999 பேர் இருந்தாலும் பெயர் வராது. அவர்கள் எல்லாரும் "பிற மொழிகள்" என்ற ஒரே வரிக்குள் போய்விடுவார்கள்.

2001இல் அட்டவணை மொழி அல்லாதவை (அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெறாதவை) 100. 2011இல் 99. ஒன்று குறைந்ததற்குக் கணக்கெடுப்பு ஆணையகத்தின் விளக்கக் குறிப்பே காரணம் சொல்கிறது: சிம்தேயும் பாரசீகமும் போதிய எண்ணிக்கையில் பதிவாகவில்லை, எனவே விலக்கப்பட்டன, மாவோ 10,000ஐத் தாண்டியது, எனவே சேர்க்கப்பட்டது. நூறில் இரண்டு போய் ஒன்று வந்தால் 99. அட்டவணை மொழிகள் 22ஐயும் கூட்டினால் 121.

10,225இலிருந்து கோட்டுக்குக் கீழே விழ எவ்வளவு பேர் குறைய வேண்டும்? 226 பேர் போதும். வீட்டுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 45 வீடுகள். ஒரு மலைக்கிராமத்தில் கணக்கெடுப்பாளர் ஒரே வார்த்தையை மாற்றி எழுதினாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். "பட்டியலில் இல்லை" என்பதையும் "பேச ஆள் இல்லை" என்பதையும் தயவுசெய்து ஒன்றாக்காதீர்கள். சிறுமொழிகள் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது, படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

#3 | ஏட்டுச்சுவடி

நன்றி. அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. மாவோ 2001இல் இல்லை, 2011இல் வந்தது என்றால் அந்த மொழி வளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாமா?

#4 | கணக்கேடு

கூடாது. இதே பட்டியலின் இன்னொரு பொறி அது. 2001இல் சேனாபதி மாவட்டத்தின் மாவோ-மாராம், பாவோமாட்டா, புருல் என்ற மூன்று உட்கோட்டங்களின் கணக்கெடுப்பு முடிவுகள் ரத்து செய்யப்பட்டன. மாவோ பேசுவோர் வாழும் பகுதியே அதுதான். அந்த எண்கள் சேரவே இல்லை, அதனால் பட்டியலில் வரவில்லை. 2001இன் மணிப்பூர் எண்களை எடுத்தாளும் யாரும் இந்த அடிக்குறிப்பைப் பார்க்காமல் ஒப்பிடக் கூடாது.

#5 | வேர்ச்சொல்

மொழியியல் பக்கம் நான் வருகிறேன்.

"குக்கி மொழியின் வட்டார வழக்கு" என்பது நிற்காது. "குக்கி" என்று ஒரு மொழி இருந்து அதற்குச் சிம்தே கிளை வழக்காக இருப்பதாக எந்த வகைப்பாடும் சொல்வதில்லை. திபெத்திய-பர்மியக் குடும்பத்தில் குக்கி-சின் என்று ஒரு பெருங்கிளை உண்டு. அதில் வடக்குப் பிரிவு ஒன்று. தாடோ, பைதே, ஸோவு, வைஃபேய், கங்தே, மியான்மரின் தெடிம் ஆகியவற்றோடு சிம்தே அந்த வடக்குப் பிரிவில் வருகிறது. உலக மொழிக் குறியீட்டு முறையில் அதற்கென்று தனிக் குறியீடும் இருக்கிறது: எஸ்.எம்.டி. பக்கத்து மொழிக்காரர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் ஓரளவு புரிந்துகொள்வார்கள் என்பது உண்மை. எல்லாம் ஒரே மொழி என்று அதனால் ஆகிவிடாது.

மிசோவிலிருந்து இந்த வடக்குப் பிரிவை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மிசோவில் "ர" வரும் இடத்தில் இங்கே "க" வரும். (தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல்: இந்தக் "க"வை "தங்கம்" என்ற சொல்லில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும், "கல்" போல் அல்ல.) நாடு அல்லது நிலம்: மிசோவில் ரம், தெடிமில் கம். பாம்பு: ருல், குல். மழை: ருவா, குவா. எண்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆறு என்பது மிசோவில் ருக், தெடிமில் குக், தாடோவில் குப். எட்டு முறையே ரியத், கியத், கெத். எண்ணும்போது மிசோவில் "ப" என்ற முன்னொட்டும் சேர்ந்து பருக், பரியத் என்று வரும்.

பெயருக்கு வருவோம். "சிம்" என்றால் தெற்கு, தாழ்வான பக்கம். "தே" பன்மை விகுதி. ஆக, தென்புறத்தார். மிசோவில் தெற்குக்குச் "ச்சிம்" என்பார்கள். மிசோவின் "ச்ச" இங்கே "ச" ஆகும், வெளியே வருதலைக் குறிக்கும் "ச்சுவாக்" தெடிமில் "சுவாக்" ஆவதுபோல. அதே மிசோவில் வடக்குக்கு "ஹ்மார்". பக்கத்திலேயே ஹ்மார் என்ற இனத்தார் இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

"தே" என்பது நாவை மடிக்காத ஒலி. எனவே "சிம்தே" என்று எழுதுங்கள். "டே" வேண்டாம். ஆங்கில எழுத்து வழியாகப் பெயரை வாங்கும்போது தமிழில் வரும் வழக்கமான வழுக்கல் இது.

#6 | மலைத்தடம்

இடம் பற்றிய திருத்தம். "சுராசாந்த்பூர் மாவட்டம்" என்று மட்டும் எழுதினால் இன்றைய வரைபடத்தில் பாதிதான் சரி. 2016 டிசம்பரில் மணிப்பூரின் 9 மாவட்டங்கள் 16 ஆக்கப்பட்டன. அப்போது பழைய சுராசாந்த்பூரின் மேற்கு, தென்மேற்குப் பகுதிகள் ஃபெர்சோல் மாவட்டமாயின. சிம்தே கிராமங்கள் அதிகம் உள்ள தான்லோன் பகுதி இப்போது ஃபெர்சோலில் இருக்கிறது. கிராமங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் சுராசாந்த்பூர் நகரிலும் வாழ்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அந்த நகரை லம்கா என்பார்கள். இம்பாலிலிருந்து தெற்கே சுமார் 60 கி.மீ. மிசோரம், அசாம் பக்கமும் சிலர் இருக்கிறார்கள்.

எனவே, "பழைய (2016க்கு முந்தைய) சுராசாந்த்பூர் மாவட்டத்தின் தென்மேற்கு, இன்றைய ஃபெர்சோல் மாவட்டத்தின் தான்லோன் பகுதி, சுராசாந்த்பூர் நகர்" என்று எழுதுங்கள். 2001, 2011 அட்டவணைகள் பழைய எல்லைப்படி உள்ளவை. அடுத்த கணக்கெடுப்போடு ஒப்பிடுபவர்கள் இரண்டு மாவட்டங்களையும் கூட்டினால்தான் பழைய ஒரு மாவட்டம் கிடைக்கும். இதை மறந்தால் "சுராசாந்த்பூரில் சிம்தே பாதியாகிவிட்டது" என்று யாரோ எழுதப்போகிறார்கள்.

ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர் படிக்கவும் மொழி உதவும். "துய்" என்றால் தண்ணீர். மிசோரம் எல்லையில் ஓடும் துய்வாய் ஆறு, பராக் ஆற்றோடு கலக்குமிடம் திபாய்முக். அந்தப் பக்கத்து வரைபடத்தில் "துய்" என்று தொடங்கும் பெயர்களைத் தேடினால் ஓடைகளும் ஆறுகளுமாக வரிசைகட்டும்.

#7 | நித்திலா

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். மணிப்பூரில் மோரேயில் தமிழர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தினமும் கேட்பது இந்த மொழியையா? கட்டுரையில் அந்தத் தொடர்பைச் சேர்க்கலாமா?

#8 | மலைத்தடம்

சேர்க்க வேண்டாம், நித்திலா. மோரே இருப்பது கிழக்கில், மியான்மர் எல்லையில், இன்றைய தெங்னோபால் மாவட்டத்தில். 2011இல் அது சாந்தேல் மாவட்டம். பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் 1960களில் அங்கே தங்கினார்கள். அவர்களைச் சுற்றி முக்கியமாகக் கேட்பது மெய்தேயும் தாடோவும். சிம்தே பகுதி மாநிலத்தின் எதிர்க் கோடியில், தென்மேற்கில் இருக்கிறது. தமிழ் வாசகருக்காக இல்லாத தொடர்பை உண்டாக்க வேண்டியதில்லை.

#9 | ஏட்டுச்சுவடி

இடப்பகுதியை மாற்றிவிட்டேன். கணக்கேடு ஐயாவிடம் இன்னொன்று. 226 பேர் குறைந்தாலே போதும் என்றீர்கள். உண்மையில் எவ்வளவு குறைந்தது, ஏன் என்று எழுத முடியுமா? பிறப்பு விகிதம், இடப்பெயர்வு என்று ஏதாவது?

#10 | கணக்கேடு

காரணத்தை அறுதியிட்டு எழுதாதீர்கள். எண் எப்படி உருவாகிறது என்பதை எழுதுங்கள், வாசகருக்குப் பயன்படுவது அதுதான்.

2011 குடும்பப் படிவத்தில் 8ஆம் கேள்வி பட்டியல் சாதி/பழங்குடி. 10ஆம் கேள்வி தாய்மொழி. 11ஆவது, தெரிந்த வேறு மொழிகள், அதிகம் இரண்டு. பழங்குடிப் பெயரைப் பட்டியலில் உள்ளபடிதான் எழுத வேண்டும். ஆனால் தாய்மொழிக்குச் சொல்பவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதையே எழுத வேண்டும் என்பது விதி. குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி என்பதே தாய்மொழிக்கான வரையறை. தாய் சிறுவயதிலேயே இறந்திருந்தால் வீட்டில் பேசிய மொழி.

வரையறையைக் கவனியுங்கள். தந்தை சிம்தே, தாய் பைதே என்றால், எட்டாம் கேள்விக்குப் பிள்ளைகள் "சிம்தே". பத்தாம் கேள்விக்கு விதிப்படி "பைதே" வரலாம். நடைமுறையில் இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதிவிடுவதும் உண்டு. பழங்குடி எண்ணிக்கையும் மொழி எண்ணிக்கையும் பொருந்தாமல் போவதற்கு இதுவே முதல் வழி. உங்கள் கட்டுரையில் பழங்குடி எண்ணிக்கையை எடுத்து "பேசுவோர்" என்று போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது மூலப்பதிவிலிருந்து பட்டியலுக்குப் போகும் வழி. 2011இல் வந்த மூலப் பெயர்கள் 19,569. எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர், குலப்பெயர் எல்லாம் இதில் அடங்கும். கொல்கத்தாவில் உள்ள மொழிப் பிரிவு இவற்றைச் சீர்செய்து 1,369 தாய்மொழிகளாக ஆக்கியது. 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாமல் "பிற" என்று போயின. 1,369ஐத் தொகுத்து வந்தவையே அந்த 121 மொழிகள். 2001இல் மூலப் பெயர்கள் 6,661 மட்டும். பத்தாண்டில் மூலப் பெயர்கள் மூன்று மடங்காயின. மக்கள் புது மொழிகள் பேசத் தொடங்கியதால் அல்ல, பதிவு முறையும் சொல்லும் பெயர்களும் விரிந்ததால். தொகுப்பது எப்படி என்பதற்கு நம் பக்கமே உதாரணம் இருக்கிறது: இருளர் மொழியும் எருகலாவும் அதே அட்டவணையில் தமிழுக்குக் கீழே எண்ணப்படுகின்றன.

இனி, பெயர்கள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். "குக்கி" என்று தாய்மொழி சொன்னவர்கள் 2001இல் 52,873. 2011இல் 83,968. ஏறத்தாழ 59 விழுக்காடு கூடுதல். அதே பத்தாண்டில் வைஃபேய் 39,673இலிருந்து 42,748, அதாவது 8 விழுக்காடுகூட இல்லை. பிறப்பால் மட்டும் இப்படி வராது. சொல்லும் பெயர் மாறியிருக்கிறது. சின்ன மொழியில் இந்த நகர்வு நடந்தால் பெயரே பட்டியலிலிருந்து விழும்.

#11 | வேர்ச்சொல்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெயர்கள் ஏன் நகர்கின்றன என்பதற்கு அரசியல் வரலாறும் உண்டு. மணிப்பூரின் முதல் பழங்குடிப் பட்டியலில் "எந்த ஒரு குக்கிப் பழங்குடியும், எந்த ஒரு லுஷாய்ப் பழங்குடியும், எந்த ஒரு நாகாப் பழங்குடியும்" என்று மூன்று வரிகள்தான். 1956 திருத்த ஆணையில்தான் சிம்தே, பைதே, வைஃபேய், ஸோவு, கங்தே, ஹ்மார் என்று தனித்தனிப் பெயர்கள் வந்தன. ஒரு பக்கம் தனிப்பெயர், இன்னொரு பக்கம் குக்கி, ஸோமி போன்ற பொதுப்பெயர்கள். சிம்தே அமைப்புகள் ஸோமி என்ற பொதுப்பெயரின்கீழ் இயங்குபவை. 1997–98இல் சுராசாந்த்பூரில் நடந்த குக்கி–பைதே மோதல் இந்தப் பெயர்களை உயிர் தொடர்பான விஷயமாக்கிவிட்டது. கதவைத் தட்டி "உங்கள் தாய்மொழி என்ன" என்று கேட்கும்போது அங்கே சொல்லப்படுவது மொழியியல் விடை மட்டுமே என்று நினைக்க முடியாது. இதை மரியாதையோடு எழுத வேண்டும். "குழப்பம்" என்று எழுதாதீர்கள். தன் பெயர் என்ன என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை.

#12 | நித்திலா

மொழி அமைப்பு பற்றியும் இரண்டு வரி வேண்டாமா? "மொழி" என்ற தலைப்பில் கணக்கெடுப்பு மட்டும் இருந்தால் வெறுமையாக இருக்கும்.

#13 | வேர்ச்சொல்

சரியாகச் சொன்னீர்கள். கிளை முழுவதற்கும் பொதுவானதை மட்டும் தருகிறேன். கட்டுரையிலும் "இக்கிளைக்குப் பொதுவாக" என்றே எழுதுங்கள்.

எழுவாய், செயப்படுபொருள், வினை என்பதே வரிசை. அந்த விதத்தில் தமிழருக்குப் பழகியது. ஆனால் ஆள் குறிக்கும் உறுப்பு தமிழில் "போகிறேன்" என்று வினையின் வாலில் வரும். இங்கே தலையில் வரும்: தன்மைக்கு "க", முன்னிலைக்கு "ந", படர்க்கைக்கு "அ". "பாய்" போதல், "க பாய்" நான் போகிறேன். இதே முன்னொட்டு உடைமைக்கும் வரும். "இன்" வீடு, "க இன்" என் வீடு.

வினைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தெடிமில் உண்ணுதல் "நே" என்பது முதல் வடிவம், "நெக்" இரண்டாம் வடிவம். சாதாரண வாக்கியத்தில் முதலாவது. துணைவாக்கியம், பெயராக்கம் போன்றவற்றில் இரண்டாவது. சொற்பட்டியல் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். பிறகு அந்த வினையை வைத்து ஒரு வாக்கியம்கூடச் சரியாக அமைக்க முடியாது.

சுரமும் உண்டு, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருள் மாறும். ஆனால் இக்கிளை மொழிகளின் ரோமன் எழுத்து வழக்கில் பொதுவாகச் சுரம் குறிப்பதில்லை. அச்சில் ஒன்றாகத் தெரியும் இரு சொற்கள் வாயில் வேறாக இருக்கலாம். அச்சிட்ட நூலை மட்டும் பார்த்து அகராதி தொகுத்தால் இவை இரண்டும் ஒன்றாகிவிடும்.

#14 | ஒலிப்பேழை

சொற்பட்டியல் என்ற பேச்சு வந்ததால் ஒலிப்பதிவு பற்றி. சிம்தே பேசுவோர் டெல்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் இருந்தால் அங்கேயே பதிவு செய்யலாம். சரியாகச் செய்தால் நீண்ட காலம் பயன்படும்.

கோப்பு வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அரட்டைச் செயலியில் குரல்செய்தியாக அனுப்பச் சொல்லாதீர்கள். செல்பேசியில் தானாக இயங்கும் இரைச்சல் குறைப்பை அணைக்க வேண்டும். இம்மொழிகளில் சொல் இறுதியில் ப், த், க் ஆகியவை வெடிக்காமல் அடைத்து நிற்கும். குரல்வளை அடைப்பும் வரும், எழுத்தில் அது "ஹ்". இரைச்சல் குறைப்பு அந்த மெல்லிய கடைசியைத்தான் முதலில் வெட்டும். கேட்பவருக்கு "நெக்" என்பது "நே"யாகிவிடும், வேர்ச்சொல் சொன்ன இரண்டு வடிவங்களும் ஒன்றாகிவிடும்.

ஒவ்வொரு சொல்லையும் தனியாக மூன்று முறை, பிறகு ஒரே சட்ட வாக்கியத்துக்குள் (சொல்லை மட்டும் மாற்றிப் பொருத்தும் மாறாத வாக்கியம்) ஒருமுறை. பட்டியலைப் படிப்பதுபோல் சொன்னால் கடைசிச் சொல்லின் சுரம் தானே இறங்கும். மூன்றில் நடுவில் உள்ளதை அளப்பது நல்லது. சட்ட வாக்கியம் இருந்தால் பக்கத்துச் சுரத்தோடு ஒப்பிட முடியும்.

உடலுறுப்புகளைக் கேட்டால் "தலை" என்று கிடைக்காது, "என் தலை" என்று "க"வோடு வரும். இன்னொருவர் "அவர் தலை" என்று "அ"வோடு சொல்வார். இரண்டையும் வேறு சொற்களாக எழுதிவைத்த பட்டியல்கள் உண்டு. முன்னொட்டைப் பிரித்து எழுதுங்கள்.

எந்த மொழியில் கேள்வி கேட்கிறோம் என்பதும் முக்கியம். மிசோவில் கேட்டால் மிசோச் சொல்லே திரும்பி வரும் ஆபத்து அதிகம், ஏனெனில் இரண்டும் நெருக்கமானவை. ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பது பாதுகாப்பு. படம் காட்டுவது அதைவிட நல்லது. ஒவ்வொரு பதிவோடும் பேசுபவரின் வயது, பிறந்த கிராமம், தாயின் மொழி, தெரிந்த பிற மொழிகள், அவர் ஒப்புதல் ஆகியவை இருக்க வேண்டும். "தாயின் மொழி" என்ற கட்டத்தை விட்டுவிட்டால் கணக்கேடு சொன்ன அதே சிக்கல் இங்கேயும் வரும்.

#15 | வேர்ச்சொல்

நல்ல பதிவு. ஒன்று சேர்க்கிறேன்: பட்டியலில் "நிலா" கட்டாயம் இருக்கட்டும். மிசோவில் த்லா, தாடோவில் ல்ஹா, தெடிமில் கா (மூச்சோடு சொல்லும் க). ஒரே பழஞ்சொல் மூன்று வழியில் பிரிந்தது. ர/க சோதனை வடக்குப் பிரிவை மிசோவிலிருந்து மட்டும்தான் பிரிக்கும். தாடோவும் தெடிமும் இரண்டுமே "க" பக்கம் நிற்பவை. அவற்றுக்குள் வேறுபாடு காண நிலா போன்ற சொற்கள் வேண்டும்.

#16 | கணக்கேடு

10,000 என்ற எண்ணுக்கு இன்னொரு முகம் இருப்பதையும் கட்டுரையில் சொல்லலாம். மைசூரு இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் 2013இல் தொடங்கிய அருகிவரும் மொழிகள் பாதுகாப்புத் திட்டம், 10,000க்குக் குறைவானோர் பேசும் மொழிகளுக்கானது. முதல் கட்டத்துக்கு 117 மொழிகளைத் தேர்ந்தார்கள். பட்டியலில் பெயர் போகும் அதே கோட்டில்தான் ஆவணப்படுத்தும் திட்டத்தின் தகுதி தொடங்குகிறது.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். அதன் மொழி அட்டவணை வெளியாக மேலும் காலம் ஆகும். 2011 மொழி விவரமே 2018இல்தான் வந்தது. 2023 மே மாதம் தொடங்கிய வன்முறையால் மணிப்பூரில் பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். எனவே வரப்போகும் மாவட்ட எண்களைப் பழைய எண்களோடு நேருக்கு நேர் வைக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

#17 | ஏட்டுச்சுவடி

திருத்திய முதல் பத்தி:

"சிம்தே, திபெத்திய-பர்மியக் குடும்பத்தின் குக்கி-சின் கிளையில் வடக்குப் பிரிவைச் சேர்ந்த மொழி. மணிப்பூரின் தென்மேற்கில், ஃபெர்சோல் மாவட்டத்தின் தான்லோன் பகுதியிலும் சுராசாந்த்பூர் நகரிலும் பேசப்படுகிறது. 2001 கணக்கெடுப்பில் 10,225 பேர் இதைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டனர். 2011இல் பதிவு 10,000க்குக் கீழே சென்றதால் பெயரோடு வெளியிடப்படவில்லை. மொழி தொடர்ந்து வழக்கில் உள்ளது."

#18 | மலைத்தடம்

நன்றாக இருக்கிறது. "மிசோரம், அசாம் ஆகிய அண்டைப் பகுதிகளிலும் சிலர்" என்பது விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.

#19 | கணக்கேடு

"சென்றதால்" என்பதைப் "பதிவானோர் 10,000க்குக் குறைவாக இருந்ததால்" என்று மாற்றுங்கள். குறைந்தது பதிவு. பேச்சு குறைந்ததா என்பதற்கு அந்த அட்டவணையில் விடை இல்லை.

#20 | ஏட்டுச்சுவடி

இரண்டும் சேர்த்தாயிற்று. தலைப்பையும் "சிம்தே" என்று மாற்றி, "சிம்டே" என்று தேடுவோருக்கு வழிமாற்று வைத்திருக்கிறேன்.